விரல் நின்ற வரியே தலைப்பு

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், வெள்ளவத்தையில் உள்ள எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் பெறாமகள் ஒரு கொப்பித் தாளை விரித்து வைத்தாள். அதில் பதினொரு தலைப்புகளை இலக்கமிட்டு எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டில் ஆங்கிலம் படிக்கும் அவளுக்கு, புனைவல்லாத எழுத்து அல்லது உரை ஒன்றை எடுத்து, அது தன் வாசகரை எவ்வாறு இணங்க வைக்கிறது என்பதை 1500 சொற்களில் ஆராயும்படி ஒப்படை ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. எந்த மொழியில் உள்ள எழுத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் மேற்கோள்களை மாணவரே மொழிபெயர்த்துத் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. "பெரியம்மா, இதில எதை எடுத்தா நல்லா எழுதலாம் எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றாள்.

நான் பார்த்தேன். 'மார்ட்டின் லூதர் கிங்கின் சொல்வன்மை', 'சுதந்திரப் போராட்ட உரைகளில் உணர்ச்சியின் பங்கு', 'தன்வரலாறுகளில் உண்மை', 'ஆசிரியத் தலையங்கங்களின் மொழி' என்று பட்டியல் நீண்டு சென்றது. ஒவ்வொன்றும் பெரிய பொருள்தான். ஒவ்வொன்றையும் பற்றி ஒருவர் தம் வாழ்நாளில் ஒரு நூல் எழுதலாம். ஆனால் 1500 சொல் என்பது தட்டச்சுத் தாளில் ஐந்து பக்கம். அந்த ஐந்து பக்கத்துக்குள் இவற்றில் எதை வைத்தாலும் அது பொதுவான புகழுரையாகத்தான் முடியும். பதினொன்றையும் எழுதுவதற்கு அவள் ஒரு கிழமை செலவிட்டிருக்கிறாள் என்பது தெரிந்ததால் அதைச் சொல்ல எனக்குக் கடினமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்; அன்று மாலையும் அடுத்த இரண்டு கிழமைகளும் நாங்கள் பேசியவற்றைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன், ஏனெனில் மாலை வகுப்புகளில் எனக்கு முன்னால் வந்து அமரும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் தடுக்கி விழும் இடம் இதுவே.

ஆங்கில வகுப்பில் ரெட்டோரிக்கல் அனாலிசிஸ் என்று சொல்லப்படும் இந்தக் கட்டுரை வகை எமக்கு அந்நியமான ஒன்று என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். திருக்குறளில் இதற்கென்றே சொல்வன்மை என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. 'கேட்டார்ப் பிணிக்கும் தகையவாய்க் கேளாரும் வேட்ப மொழிவதாம் சொல்' என்ற குறளை எட்டாம் வகுப்பிலேயே மனப்பாடம் செய்தவர்கள், அதில் இருக்கும் 'பிணித்தல்' என்ற வினையை நின்று பார்ப்பதில்லை. பிணித்தல் என்றால் கட்டுதல். கட்டுவதற்குக் கயிறு வேண்டும், கட்டப்படும் ஆள் வேண்டும், முடிச்சு விழும் இடம் ஒன்று வேண்டும். சொல்வன்மையை ஆராயும் கட்டுரை கேட்பது இவற்றைத்தான்: இந்த எழுத்து யாரைக் கட்டுகிறது, எதனால் கட்டுகிறது, முடிச்சு எந்த வரியில் விழுகிறது. அடுத்த குறள் 'திறனறிந்து சொல்லுக சொல்லை' என்று தொடங்குகிறது. கேட்பவர் யார் என்று தெரியாமல் சொல்லின் வலிமையை அளக்க முடியாது என்பதை அது எமக்கு முன்னரே சொல்லி வைத்திருக்கிறது. எழுத்தாளர் சொல்லும் கருத்து சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்கு உரிய கேள்வி.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தோல்வியிலிருந்து. வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படித்த காலத்தில் இதே வகைக் கட்டுரை ஒன்றை நானும் எழுதினேன். ஒரு புகழ்பெற்ற உரையை எடுத்து, பேசுபவர் உணர்வைத் தூண்டுகிறார், எளிய சொற்களைப் பயன்படுத்துகிறார், உவமைகளால் கருத்தை விளக்குகிறார், கேட்போரைத் தம் பக்கம் ஈர்க்கிறார் என்று பத்துப் பக்கம் நிரப்பினேன். திருத்தியவர் குறைந்த புள்ளியிட்டு, ஓரத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: உரையின் பெயரை மாற்றிவிட்டு வேறோர் உரையின் பெயரைப் போட்டாலும் இந்தக் கட்டுரை அப்படியே நிற்கும். அன்று அது எனக்குக் கொடுமையாகப் பட்டது. இரவு முழுவதும் அழுதேன். மறுநாள் அவர் சொன்னபடியே செய்து பார்த்தேன். வேறு இரண்டு உரைகளின் பெயர்களை மாறி மாறி வைத்து வாசித்தேன். ஒரு வாக்கியமேனும் பிழையாகவில்லை. எந்த உரைக்கும் பொருந்துகிற கட்டுரை எந்த உரையையும் வாசிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவைப்படவில்லை.

அந்த வரியைத்தான் இன்றும் என் மாணவருக்கு அளவுகோலாகக் கொடுக்கிறேன். உங்கள் தலைப்பை ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். அதில் உள்ள நூலின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு நூலின் பெயரை வையுங்கள். வாக்கியம் இன்னமும் உண்மையாக இருந்தால் தலைப்பு அகலமாக இருக்கிறது. பெறாமகளின் பதினொன்றும் இந்தச் சோதனையில் விழுந்தன. அவள் முகம் வாடியது. ஆயினும், 'ஏன் விழுகிறது' என்று அவள் தானாகவே கேட்கத் தொடங்கியது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

அகலத்துக்கு அடுத்தபடியாகப் பிள்ளைகளைப் பிடிப்பது மூன்று பெட்டி. அரிஸ்டாட்டில் சொல்லிச் சென்ற ஈதோஸ், பாதோஸ், லோகோஸ் என்ற மூன்றையும், அதாவது பேசுபவர் மீது எழும் நம்பிக்கை, கேட்பவரிடம் எழும் உணர்வு, வாதத்தின் ஒழுங்கு ஆகியவற்றை, வகுப்பில் கற்பித்ததும் எல்லோரும் ஒரு பந்திக்கு ஒன்றாகப் பிரித்து எழுதிவிடுகிறார்கள். எந்த எழுத்திலும் மூன்றும் ஏதோ ஓர் அளவில் இருக்கும் என்பதால் எந்த எழுத்தும் அந்தப் பெட்டிகளுக்குள் விழும். அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று நான் சொல்வதில்லை; கட்டுரையின் தலைப்பாகவும் சட்டகமாகவும் அவற்றை வைக்க வேண்டாம் என்கிறேன். ஒரு குறிப்பிட்ட வாக்கியத்தை விளக்கும்போது அந்தச் சொற்களில் ஒன்று கைகொடுத்தால் எடுத்துக்கொள்ளலாம்.

தலைப்பை எங்கிருந்து தொடங்குவது என்று அவள் கேட்டபோது, தலைப்பைத் தேடுவதை நிறுத்திவிட்டு வாசிக்கும்படி சொன்னேன். கையில் ஒரு பென்சிலை வைத்துக்கொண்டு வாசிக்க வேண்டும். எங்கே விரல் தானாக நிற்கிறதோ, எந்த வரியை இரண்டாம் முறை வாசிக்கத் தோன்றுகிறதோ, எங்கே 'இதை ஏன் இப்படிச் சொன்னார்' என்று மனம் தட்டுகிறதோ, அங்கே ஒரு கோடு. ஒரு வாசிப்பில் ஐந்தாறு கோடுகள் விழும். அவற்றுள் ஒன்றில்தான் கட்டுரை இருக்கிறது. முதலில் தலைப்பை முடிவு செய்துவிட்டு அதற்குச் சான்று தேடிச் செல்பவர், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கண்டுபிடிப்பார். விரல் நின்ற இடத்திலிருந்து தொடங்குபவருக்குத் தமக்கே விளங்காத ஒன்று கையில் இருக்கும். விளங்காத ஒன்றுதான் ஐந்து பக்கத்துக்கு ஒருவரை இழுத்துச் செல்லும்.

எதை வாசிப்பது என்பதற்கு நான் ஓர் ஆலோசனை சொன்னேன். சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பி.ஏ. தேர்வில் 1857இல் சித்தியடைந்து, பின்னர் தமிழகத்தில் இருந்துகொண்டே பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை தம் பதிப்புகளுக்கு எழுதிய முன்னுரைகளை அவளுக்குக் கொடுத்தேன். பதிப்புரைகள் என்றால் அலுப்பூட்டும் என்று அவள் எண்ணியிருந்தாள். 1887இல் அவர் வெளியிட்ட கலித்தொகையின் பதிப்புரையில், ஏட்டுச்சுவடிகளின் நிலையைச் சொல்லும் இடத்தில் அவள் பென்சில் நின்றது. அங்கே இருப்பவை இவை: 'ஏடு எடுக்கும்போது ஓரஞ் சொரிகிறது. கட்டு அவிழ்க்கும்போது இதழ் முறிகிறது. ஒற்றை புரட்டும்போது துண்டாய்ப் பறக்கிறது.'

'ஏன் நின்றாய்' என்று கேட்டேன். 'வாசிக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டேன்' என்றாள். நல்லது, அது பதில் அல்ல, தொடக்கம். ஏன் மூச்சு நின்றது என்பதற்கு விடை அந்த மூன்று வாக்கியங்களுக்குள்தான் இருக்க வேண்டும். மேசை விளக்கைப் போட்டுக்கொண்டு அவற்றைச் சொல் சொல்லாகப் பார்த்தோம்.

முதலில் அவளுக்கு 'ஒற்றை' என்ற சொல் விளங்கவில்லை. தனியானது என்றே பொருள்கொண்டிருந்தாள். சுவடியில் ஓர் ஓலைத் தாளுக்கு ஒற்றை என்று பெயர் என்று சொன்னேன். என் அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் அம்மாவின் சாதக ஓலை ஒன்று இருந்தது. நான் பன்னிரண்டு வயதில் அதைக் கையில் எடுத்தபோது, மஞ்சள் பூசிய ஓரம் விரலில் பொடியாக ஒட்டியது. அம்மம்மா 'மெல்ல, மெல்ல' என்று சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து வாங்கிவிட்டார். அதைச் சொன்னபோதுதான் பெறாமகளுக்கு ஒன்று தட்டுப்பட்டது. எடுத்தல், கட்டவிழ்த்தல், புரட்டுதல் என்ற மூன்றும் சுவடி ஒன்றைப் படிக்க விரும்பும் எவரும் செய்யும் மூன்று செயல்கள். அவற்றை அவர் செய்யும் அதே வரிசையில் வாக்கியங்கள் வருகின்றன. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு சேதம். சேதமும் வளர்கிறது: முதலில் ஓரம் மட்டும் சொரிகிறது, பிறகு இதழ் முறிகிறது, கடைசியில் முழு ஒற்றையும் துண்டாய்ப் பறக்கிறது.

பிறகு நான் ஒரு கேள்வி கேட்டேன்: எடுப்பது யார், அவிழ்ப்பது யார், புரட்டுவது யார்? அவள் மீண்டும் வாசித்தாள். மூன்றிலும் எழுவாய் சேதப்படும் பொருள்தான். செய்பவர் எங்கும் சொல்லப்படவில்லை. 'நான் எடுக்கும்போது' என்று அவர் எழுதியிருந்தால் அது ஒரு பதிப்பாசிரியரின் சிரமக் கதையாக இருந்திருக்கும். வாசகர் இரக்கப்பட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். செய்பவரை எடுத்துவிட்டதும் அந்த இடம் வெறுமையாகிறது, வாசிப்பவரின் கை அங்கே போய்ச் சேர்கிறது. அவரே எடுக்கிறார், அவரே அவிழ்க்கிறார், அவர் கையில்தான் துண்டு பறக்கிறது. மூச்சு நின்றதற்குக் காரணம் அதுவே என்று எனக்கும் அப்போதுதான் தெளிவாயிற்று. இத்தனை ஆண்டுகள் இந்த வரிகளை வாசித்தும் இதை நான் இவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கவில்லை.

இங்கே எந்த இரக்கச் சொல்லும் இல்லை. ஐயோ இல்லை, அந்தோ இல்லை. அதே ஆசிரியர் தம் பதிப்புரைகளில் வேறோர் இடத்தில் செல்வந்தரை நேரே விளித்து, 'தமிழ் மாது நும் தாயல்லவா' என்று கேட்கிறார். அங்கே உணர்வு வெளிப்படையாகக் கொந்தளிக்கிறது. இரண்டையும் ஒரே கட்டுரையில் ஒப்பிடலாமா என்று பெறாமகள் ஆர்வத்துடன் கேட்டாள். ஒப்பீடு என்பது தலைப்பைக் கூர்மையாக்குவது போலத் தோன்றும். உண்மையில் பெரும்பாலும் அது வேலையை இரட்டிப்பாக்கி ஆழத்தைப் பாதியாக்கிவிடும். மூவாயிரம் சொல் கிடைக்கும் ஆண்டில் அதைச் செய் என்றேன்.

அன்றிரவு அவள் தன் தலைப்பை நான்கு முறை எழுதினாள். முதல் வடிவம்: 'தாமோதரம்பிள்ளையின் பதிப்புரைகளில் சொல்வன்மை'. இது பெயர்ப்பலகை. இரண்டாவது: 'கலித்தொகைப் பதிப்புரையில் தாமோதரம்பிள்ளை ஏடுகளின் அழிவை உருக்கமாக விவரிக்கிறார்'. இடம் குறுகிவிட்டது, ஆனால் இதை மறுப்பார் எவரும் இல்லை, மறுக்க முடியாத ஒன்றை நிறுவுவதற்கு ஐந்து பக்கம் தேவையில்லை. மூன்றாவது: 'ஏடுகளின் அழிவைச் சொல்லும் மூன்று வாக்கியங்களிலும் தாமோதரம்பிள்ளை எழுவாயைத் தவிர்க்கிறார்'. இது ஒரு கவனிப்பு. துல்லியமற்ற கவனிப்பும்கூட, ஏனெனில் எழுவாய் இருக்கிறது, இல்லாதது செய்பவர். துல்லியமாக இருந்திருந்தாலும் அதனால் என்ன விளைகிறது என்பது இல்லை. நான்காவது வடிவம் இப்படி அமைந்தது: 'சுவடியைத் திறக்கும் செயல்களை வரிசையாக வைத்து, அவற்றைச் செய்பவரை மட்டும் சொல்லாமல் விடுவதன் மூலம், தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு வாசகரைப் பார்வையாளர் நிலையிலிருந்து இழப்பில் பங்குகொண்டவர் நிலைக்குக் கொண்டுவருகிறார், சுவடிகளை உடனே அச்சேற்ற வேண்டும் என்ற கோரிக்கை அதனால் வாதமின்றியே ஏற்கப்படுகிறது.'

இதில் நூலின் பெயரை மாற்றிப் பாருங்கள். வாக்கியம் உடனே பிழைபட்டுப்போகும். ஒருவர் இதை மறுக்கவும் கூடும்: வாசகர் பங்குகொண்டவராக உணர்வதில்லை, வெறும் காட்சியைத்தான் பார்க்கிறார் என்று சொல்லலாம். மறுக்கக் கூடிய தலைப்பு என்பதால்தான் நிறுவ வேண்டிய தேவை வருகிறது. '1887ஆம் ஆண்டு வாசகர்' என்ற சொற்களையும் கவனியுங்கள். அந்த வாசகர் பலரின் வீட்டுப் பரணில் ஏடுகள் கிடந்த காலம் அது. இன்று வெள்ளவத்தையில் கைத்தொலைபேசியில் வாசிக்கும் எமக்கு அந்த வாக்கியங்கள் ஓர் இறந்தகாலத் துயரம். அன்றைய வாசகருக்கு அவை தம் வீட்டுக்குள்ளே நடந்துகொண்டிருப்பதன் செய்தி. 'சொரிகிறது, முறிகிறது, பறக்கிறது' என்று நிகழ்காலத்தில் நிற்கும் வினைகளின் வேலை அதுதான்.

ஆங்கில எழுத்தை எடுக்க விரும்பும் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் என் வகுப்பில் பாதிப்பேர் மார்ட்டின் லூதர் கிங்கிடம்தான் போகிறார்கள். போகட்டும், ஆனால் பெரும்பாலானோர் எடுக்கும் கனவு பற்றிய உரையைவிட, 1963 ஏப்ரல் 16ஆம் திகதியிட்டுப் பேர்மிங்காம் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதம் மாணவருக்கு நல்ல களம் என்பது என் எண்ணம். அதற்குக் காரணம் கேட்பவர் யார் என்பது அங்கே ஐயத்துக்கு இடமின்றித் தெரிகிறது: போராட்டத்தை நீதிமன்றத்துக்கு விட்டுவிட்டுப் பொறுமை காக்கும்படி பத்திரிகையில் அறிக்கை விட்ட எட்டு மதகுருமார். அந்தக் கடிதத்தில் முந்நூறு சொற்களைத் தாண்டும் ஒரு வாக்கியம் இருக்கிறது. அதில், இன்னது நடப்பதைக் காணும்போது, இன்னது நேரும்போது, உங்கள் ஆறு வயது மகளுக்கு இன்னதை விளக்க நேரும்போது என்று ஒரு துன்பத்தின் மேல் இன்னொன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். காத்திருப்பது எமக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பது அப்போது உங்களுக்கு விளங்கும் என்ற தலைமை வாக்கியம் இறுதியில்தான் வருகிறது. காத்திருக்கும்படி சொன்னவர்களை அந்த வாக்கியம் காத்திருக்க வைக்கிறது.

இதையே ஒரு தலைப்பாக்கலாம். பலர் ஆக்கியும் இருக்கிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அதை எந்த ஆங்கிலப் பாடநூலும் அவர்களுக்குச் சொல்லாது. ஆங்கிலத்தில் வினை வழக்கமாக முன்னே வந்துவிடும். ஆகவே அதை இறுதிவரை தள்ளி வைப்பது ஒரு தெரிந்தெடுத்த செயல், வாசகர் அந்த இழுபறியை உணர்கிறார். எம்முடைய மொழியில் வினைமுற்று இறுதியில் வருவதே இயல்பு. 'போது, போது, போது' என்று அடுக்கிச் சென்று இறுதியில் வினையை வைப்பதை எங்கள் பாட்டிமார் கிணற்றடியிலேயே செய்வார்கள். ஆகவே அந்தக் கடிதத்தைத் தமிழாக்கினால் அதே வாக்கிய அமைப்பு அதே பாரத்தைச் சுமக்காது. அதுபோலவே, ஒரு தமிழ் உரையை ஆராயும்போது வினை இறுதியில் வந்திருப்பதைப் பெரிய உத்தியாகக் காட்டக் கூடாது. வினைக்குப் பின்னால் ஏதேனும் வந்திருந்தால் அங்கேதான் நிற்க வேண்டும். 'கேட்டோம் நாம்' என்று மேடையில் ஒருவர் எழுவாயைப் பின்னால் வைத்தால் அதற்குக் காரணம் இருக்கும். மொழியின் இயல்பு எது, எழுத்தாளரின் தெரிவு எது என்று பிரித்தறியாமல் சொல்வன்மையைப் பற்றி எழுத இயலாது.

மிகக் குறுகிவிடும் ஆபத்தும் இருக்கிறது, ஆனால் நான் அதை அதிகம் கண்டதில்லை. 1863 நவம்பர் 19ஆம் திகதி கெற்றிஸ்பேர்க்கில் ஆபிரகாம் லிங்கன் ஆற்றிய உரை ஏறத்தாழ 270 சொல் கொண்டது. அதன் புகழ்பெற்ற வடிவத்தில் 'இங்கே' என்ற பொருள்தரும் சொல் எட்டு முறை வருகிறது. என் மாணவன் ஒருவன் அதை எண்ணிக் கண்டுபிடித்து, எண்ணிக்கையையே தலைப்பாக வைத்தான். எண்ணுவது பென்சிலின் வேலை; தலைப்புக்கு அதற்கப்பால் ஓர் அடி வேண்டும். போரில் இறந்த வீரரின் கல்லறை நிலமான அந்த மண்ணை அர்ப்பணிக்கும் சடங்குக்காகக் கூடியவர்களிடம், மண்ணை எம்மால் அர்ப்பணிக்க முடியாது, உயிரோடிருக்கும் நாம்தான் இங்கே அர்ப்பணிக்கப்பட வேண்டியவர்கள் என்று லிங்கன் பொருளைத் திருப்புகிறார். 'இங்கே' என்ற சொல் கல்லறை நிலத்திலிருந்து நின்றுகொண்டிருப்பவர்களின் மேல் நகர்கிறது. அந்த நகர்வை அவன் கண்டதும் எண்ணிக்கை தானாகவே சான்றாகிவிட்டது.

இலங்கையில் இருந்துகொண்டு தலைப்புத் தேடுபவருக்கு இன்னொரு சிக்கல் வரும். எம் நாட்டின் உரைகளை எடுத்தால் உரையின் பொருள் எம்மை விழுங்கிவிடும். 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் சட்டமூலம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா சொன்ன வாசகத்தைத் தமிழர் எல்லோரும் அறிவர்: இரு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரு நாடு. உயர்தரம் முடித்த மாணவி ஒருத்தி இதை எடுத்து எழுதிக் கொண்டுவந்தாள். முதற் பந்தியில் வாசகம் இருந்தது. இரண்டாம் பந்தியிலிருந்து அவர் சொன்னது எவ்வாறு பலித்தது என்பதே இருந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு வரியின் பின்னாலும் அவள் குடும்பத்தின் கதை இருந்தது, அதை நான் அறிவேன். எனவே மிகுந்த மரியாதையோடுதான் அவளிடம் பேசினேன். அந்த வாசகம் உண்மையாயிற்று என்பது வரலாற்றுக் கட்டுரை. அவை நடுவில் அது எவ்வாறு இயங்கியது என்பது இந்தக் கட்டுரை. எண்களை மட்டும் இடம்மாற்றி ஒரு கணக்குப் போலச் சொன்னது ஏன்? தமிழரின் உரிமை என்ற சொல்லையே அந்த வாசகத்தில் எடுக்காமல், நாடு ஒன்றாக இருக்க வேண்டும் என்று விரும்பும் பெரும்பான்மையினரின் விருப்பத்தையே எடைக்கல்லாக வைத்தது ஏன்? இந்தக் கேள்விகளை அவளிடம் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து அவள் எழுதி வந்த கட்டுரையில் கோபம் குறையவில்லை. அது அந்த இரண்டு வரிகளை விட்டு அகலாமல் நின்றது, அதனால் முன்னையதைவிடப் பலமாக இருந்தது.

நீளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1500 சொல்லில் முன்னுரைக்கும் சூழலுக்கும் முந்நூறு போனால், மீதியில் மூன்று அல்லது நான்கு இடங்களைத்தான் நெருங்கிப் பார்க்க முடியும். ஆகவே தலைப்பை முடிவு செய்வதற்கு முன், எந்த வரிகளை மேற்கோள் காட்டப் போகிறேன் என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. ஏழு எட்டு மேற்கோள் வந்தால் தலைப்பு இன்னமும் பெரிது. ஒன்றுமே வராவிட்டால் அது தலைப்பே அல்ல.

பெறாமகள் இரண்டாம் கிழமை ஞாயிறு முதல் வரைவை முடித்துவிட்டு, 100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து இறங்கினாள். மழையில் நனையாதிருக்கத் தாள்களைப் பொலித்தீன் பைக்குள் வைத்திருந்தாள். கட்டுரை நன்றாக இருந்தது. நான் ஒரேயொரு குறை சொன்னேன். அந்த மூன்று வாக்கியங்களை அடுத்து நான்காவதாக ஒன்று இருக்கிறது: எழுத்துகளோ தலையும் வாலும் இல்லாமல், பாணப்பூச்சியின் கலப்பை நாலு புறமும் திரும்பத் திரும்ப உழுது கிடக்கிறது என்ற பொருளில் வருவது. அதை அவள் முழுவதுமாக விட்டிருந்தாள். எழுத்தாணி ஓலையைக் கீறித்தானே எழுதுகிறது, பூச்சியும் கீறித்தானே அழிக்கிறது, எழுதுதலும் அழித்தலும் ஒரே உழவாகிவிடும் அந்த உருவகத்தை விடலாமா என்று கேட்டேன்.

அவள் மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டிருக்கிறாள். "பெரியம்மா, முதல் மூண்டிலயும் செய்யிற ஆள் இல்லை. நாலாவதில பூச்சி வந்திட்டுது. பூச்சி வந்த உடன வாசிக்கிற ஆள் தப்பிச்சுப் போறார் எல்லோ?" என்றாள். அவள் சொல்வது அவளுடைய தலைப்பையே அசைக்கும் சான்று. மூன்று வாக்கியங்களால் வாசகரின் கையில் ஏற்றிய பாரத்தை நான்காவது இறக்கி வைக்கிறதென்றால், தாமோதரம்பிள்ளை அதை ஏன் அங்கே வைத்தார்? நான் தேநீர் வைத்தேன். நாங்கள் இருவரும் அந்தப் பக்கத்தை மீண்டும் மீண்டும் வாசித்தோம். ஒருவேளை கை செய்யும் சேதம் ஒரு நாளுக்கு உரியது, பூச்சி செய்யும் சேதம் சுவடியைத் தொடாமல் விட்ட அத்தனை ஆண்டுகளுக்கும் உரியது, ஆகவே தொட்டாலும் அழிவு, தொடாவிட்டாலும் அழிவு என்று சொல்கிறாரோ என்று நான் கேட்டேன். அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. தன் கட்டுரையின் நான்காம் பக்கத்தை எடுத்து, ஓரத்தில் 'தொடாத கை' என்று பென்சிலால் எழுதிக்கொண்டாள். ஒப்படையைக் கையளிப்பதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.